பொங்கி வழிந்த கையிருப்பு

எங்கள் தொழிலில் சாயங்காலம் ஏழு மணிக்குக் கடை காலியாக இருந்தால் அது நல்ல நாள். அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஃபேனைப் போட்டுக் காலை நீட்டி உட்காரலாம். அதே காலிக் கடையைப் பார்த்து ஒருவர் முகம் சுளிக்கக்கூடும் என்று எனக்குத் தெரியாது. பேங்க்கிலிருந்து ஆள் வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

பாப்பாரப்பட்டியில், கடைவீதியிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்குப் போகிற வழியில் எங்கள் மாவுக் கடை இருக்கிறது. இட்லி மாவு, தோசை மாவு, ஞாயிற்றுக்கிழமைகளில் கேழ்வரகு தோசை மாவு. வேறு எதுவும் கிடையாது. அப்பளம் வை, ஊறுகாய் வை, சோடா வை என்று இலவச யோசனை சொன்னவர்கள் பலர். மாவையே ஒழுங்காக விற்க நேரம் போதவில்லை, இதில் சோடா எங்கே விற்பது? யோசனை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பொதுவாகவே எரிச்சல் வரும். என் வீட்டுக்காரர் அப்படியில்லை. யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். எங்கள் கடை இன்னும் ஓடிக்கொண்டிருப்பதற்கு இந்த இரண்டு குணமும் காரணம், அந்த வருஷம் நாங்கள் மாட்டிக்கொண்டதற்கும் இந்த இரண்டு குணமும்தான் காரணம்.

அவர் முன்பு மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். இடுப்பு வலி வந்து ஸ்டியரிங்கை விட்டபோது, வீட்டில் இருந்த சின்ன கிரைண்டரை வைத்து நான் மாவு அரைத்து விற்க ஆரம்பித்தேன். முதல் போட்டதெல்லாம் தண்டல் பணம். தண்டல்காரர் தினமும் சாயங்காலம் பைக்கில் வந்து வாசலில் நிற்பார். வண்டியை ஆஃப் பண்ண மாட்டார். அந்த எஞ்சின் சத்தம் நிற்கவேண்டுமென்றால் நான் பணத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தது போக மிச்சமிருப்பதில் மறுநாளைக்கு அரிசி. எந்தக் கடையில் எந்த அரிசி மலிவோ அது. அதனால் திங்கட்கிழமை இட்லி வெள்ளை வெளேரென்று வரும், செவ்வாய்க்கிழமை மஞ்சள் பாரிக்கும், புதன்கிழமை இட்லி தட்டிலிருந்து எழுந்து வராது. "நேத்து நல்லா இருந்துச்சுங்களே, இன்னைக்கு என்ன ஆச்சு?" என்று வாடிக்கைக்காரர்கள் கேட்பார்கள். என்ன ஆச்சென்று எனக்குத் தெரியும். அதை எப்படிச் சொல்வது?

பிறகு பேங்க்கில் லோன் கொடுத்தார்கள். அப்போதிருந்த மேனேஜர் நல்ல மனுஷர், எதற்கும் ரொம்ப அலட்டிக்கொள்ளாதவர். அந்த லோனில் சாய்த்து ஊற்றுகிற பெரிய கிரைண்டர் ஒன்று வாங்கினோம். கூடவே, வேண்டும்போது எடுத்துக்கொண்டு, வியாபாரம் ஆனதும் திருப்பிப் போடுகிற கணக்கு ஒன்றும் தொடங்கிக் கொடுத்தார். எடுத்ததற்கு மட்டும் வட்டி. சேலத்திலிருந்து ஒரே ரக அரிசி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. உளுந்து மலிவாக இருக்கிற மாதத்திலேயே வாங்கி வைக்க முடிந்தது. லோன் வாங்கினால் வியாபாரம் பெருகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெருகத்தான் செய்தது, ஆனால் அது அப்புறம். எங்களுக்கு முதலில் கிடைத்தது தினமும் ஒரே மாதிரியான இட்லி. இன்றைக்கு வாங்கினவர் நாளைக்கும் வந்தார். "இன்னைக்கு என்ன ஆச்சு?" என்கிற கேள்வி நின்றுபோனது. அந்தக் கேள்வி நின்றதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்பதை இரவு படுத்ததும் தூக்கம் வந்ததில் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. கடையில் இருக்கிற சரக்குத்தான் பேங்க்குக்கு ஈடு. மாதாமாதம் எவ்வளவு கையிருப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய மேனேஜர் அதை வாங்கி வைத்துக்கொள்வார், வந்து பார்த்ததில்லை. அவர் மாற்றலாகிப் போய், புதிதாக ஒரு அம்மா வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். தஞ்சாவூர்ப் பக்கம். புடவைக் கொசுவம் ஒரு மடிப்புக் கலையாது. எழுதிக் கொடுத்ததை நேரில் வந்து பார்க்கிற வழக்கம் அவருக்கு.

அவர் வந்த நேரத்தில்தான் நாங்கள் லிமிட்டை, அதாவது அந்தக் கணக்கில் எடுக்கக்கூடிய தொகையை, கூட்டித் தரச்சொல்லிக் கேட்டிருந்தோம். தர்மபுரியில் ஐந்தாறு கடைக்காரர்கள் எங்கள் மாவைப் பாக்கெட் போட்டுக் கேட்டார்கள். குளிர்ச்சியாகக் கொண்டுவந்து தந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அதற்கு ஒரு பெரிய சில்லர் வேண்டும், கூடுதலாக அரிசியும் வேண்டும். ஆடி மாதம் வரைக்கும் காத்திருப்போம், அதற்குள் வராவிட்டால் சேலத்து மாவுக் கம்பெனிக்குச் சொல்லிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தச் சில்லர் மேல் எனக்கு அப்படி ஒரு ஆசை. தர்மபுரிக்குப் போகும்போதெல்லாம் ஷோரூம் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டு வருவேன். நகைக்கடை வாசலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

மேனேஜர் அம்மா முதல் தடவை வந்தது பங்குனியில், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு. அன்றைக்கு முகூர்த்த நாள். ஊரில் எந்த வீட்டைப் பார்த்தாலும் விருந்தாளி. நாலு மணிக்கே மாவு தீர்ந்து, அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தோம்.

"ஸ்டாக் பார்க்கணும்மா," என்றார்.

"வித்துப்போச்சுங்க மேடம்," என்றேன் பெருமையாக.

"எல்லாமேவா?"

"எல்லாமேதானுங்க. ஒரு கரண்டி மாவு கூட இல்லீங்க."

அவர் முகத்தில் பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் கவிழ்த்த அண்டாக்களைப் பார்த்தார், சுவரோரம் இருந்த மூட்டைகளைப் பார்த்தார். வாரத்தின் கடைசி, மூட்டை கொஞ்சம்தான் இருந்தது.

"நாளைக்கு லோடு வருதுங்க," என்றார் என் வீட்டுக்காரர். "ரொம்ப வாங்கி வெச்சா வண்டு வுழுந்துருதுங்க. அதனால வாங்கறது, விக்கறது, மறுபடி வாங்கறது. பணம் ஓடிக்கிட்டே இருக்குதுங்க."

"அது சரிங்க. ஆனா உங்க லிமிட்டுக்கு இந்தச் சரக்கு பத்தாது. இருக்கற லிமிட்டையே குறைக்கச் சொல்லி மேல இருந்து கேப்பாங்க. நீங்க கூட்டிக் கேக்கறீங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வித்தது தப்புங்களா மேடம்?"

"தப்புன்னு சொல்லலைம்மா. நான் எதைப் பார்த்து எழுதறது? அதைச் சொல்லுங்க."

கேட்டவர் நியாயமாகக் கேட்கிறார் என்பது வேறு என் கோபத்தை அதிகமாக்கியது. சண்டை போடுவதற்காவது அவர் கொஞ்சம் அநியாயமாகப் பேசியிருக்கலாம். சித்திரை பிறந்ததும் வருகிற செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மறுபடி வருவதாகவும், அன்றைக்குக் கையிருப்பைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

எதிரில் பாத்திரக் கடை வைத்திருக்கிற பாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். விசேஷங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். எங்கள் தெருவில் எந்தப் பஞ்சாயத்தும் அவர் இல்லாமல் நடக்காது. மேனேஜர் அம்மா திரும்பின கையோடு அவர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

"அரிசி மண்டியில சொல்லி இருவது மூட்டை கொண்டாந்து அடுக்கலாம்," என்றார் என் வீட்டுக்காரர். "பாத்துட்டுப் போனதும் திருப்பிக் குடுத்துரலாம்."

"அது பொய்யுங்க," என்றேன். "ஊரான் வூட்டு மூட்டையக் காட்டி லோன் வாங்கறதுக்கு நான் தண்டலே வாங்கிக்கறேன்."

"அப்ப நம்ம மாவையே காட்டுவோம். அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் விக்காம வெச்சிருப்போம். அரைச்சது நம்ம அரிசி, நம்ம உளுந்து. அதுல பொய் எங்க இருக்குது?"

நான் யோசித்தேன். அதில் பொய் இல்லைதான்.

"அண்டா நான் தர்றேன் தங்கச்சி," என்றார் பாய். "கல்யாண அண்டா. விளிம்பு வரைக்கும் ரொப்பி வெச்சிடு. பாக்கறவங்களுக்குக் கண்ணு நெறையணும்."

மாவுத் தொழிலில் இருக்கிற யாரும் அண்டாவை விளிம்பு வரைக்கும் நிரப்ப மாட்டார்கள். கல்யாணமாகி வந்த புதுப்பெண்ணுக்குக்கூடத் தெரிந்த விஷயம். மாவு பொங்க இடம் விட வேண்டும். எனக்கு அது தெரியாமல் இல்லை. பதினோரு மணிக்கு வந்து பார்த்துவிட்டுப் போகப்போகிறார், பன்னிரண்டுக்குள் விற்றுவிடப் போகிறோம், அதற்குள் என்ன பொங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். யோசனை சொல்கிறவர்களைக் கண்டாலே எரிந்துவிழுகிற நான், அன்றைக்கு இரண்டு யோசனையை ஒரே நேரத்தில் ஏற்றுக்கொண்டேன். சில்லர் ஆசை அப்படி.

செவ்வாய்க்கிழமை விடியலிலேயே அரைத்தோம். உப்புப் போட்டுக் கையால் கலக்கி, பாய் கொடுத்த அண்டாக்களில் விளிம்பு வரைக்கும் ஊற்றினோம். கடை முழுக்க அண்டா. நடுவில் நடக்க ஒற்றையடிப் பாதை மட்டும். பார்க்க உண்மையிலேயே கண் நிறைந்தது. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு அண்டாவுக்கும் வெள்ளைத் துணி கட்டி, ஒரு தடவை தள்ளி நின்று பார்த்துக்கொண்டார்.

அடுத்து வந்ததுதான் கஷ்டம். வாடிக்கைக்காரர்கள் தூக்குப் பாத்திரத்தோடு வந்தார்கள். எல்லோரிடமும் "மாவு இல்லீங்க, மத்தியானம் வாங்க" என்று சொல்ல வேண்டும். கல்லாவுக்குப் பின்னால் திரைச்சீலை ஒன்றைக் கட்டி அண்டாக்களை மறைத்துவிட்டு வாசலில் நின்றேன். இத்தனை வருஷத்தில் மாவை வைத்துக்கொண்டு இல்லையென்று சொன்னதே கிடையாது. சொல்லச் சொல்ல வாய் கசந்தது.

போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் தினமும் வருவார். பச்சை மூடி போட்ட தூக்கு. அவர் வீட்டில் இரண்டு வேளையும் தோசை. அவரிடம் சொன்னபோது நம்பவே இல்லை.

"மாவுக் கடையில மாவு இல்லையா? அப்புறம் என்னம்மா விக்கறே, சிமெண்ட்டா?"

"கிரைண்டர் ரிப்பேருங்க."

"விடியக்காலம் சத்தம் கேட்டுச்சே?"

"அப்பதானுங்க ரிப்பேர் ஆச்சு."

அவர் திரைச்சீலையை ஒரு பார்வை பார்த்தார். பழைய உத்தியோகப் பார்வை. தூக்கை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

பதினோரு மணிக்கு மேனேஜர் அம்மா வரவில்லை, போன் வந்தது. மேலதிகாரிகள் திடீரென்று மீட்டிங் வைத்துவிட்டார்களாம், மூன்று மணி ஆகுமாம். நான் திரைச்சீலையை அவிழ்க்கப் போனேன்.

"இரு," என்றார் என் வீட்டுக்காரர். "இப்ப வித்துட்டா, அவங்க வரும்போது மறுபடியும் அண்டாவைக் கவுத்து வெச்சுத்தான் காட்டணும்."

"சித்திரை வெயிலுங்க. பொங்கிடும்."

"நாலு மணி நேரம்தானே."

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. தகரக் கூரை. ஒரு மணிக்கு வெள்ளைத் துணிகள் மெல்ல மேலே எழும்ப ஆரம்பித்தன. அடியிலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி இருந்தது. துணியை அவிழ்த்துக் கரண்டியால் கலக்கி அமுக்கினேன். அமுங்கின மாவு பதினைந்து நிமிஷத்தில் திரும்பி வந்தது. இந்தப் பக்கத்து அண்டாவை அமுக்கினால் அந்தப் பக்கத்து அண்டா எழும்பியது. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வேறு பாத்திரத்தில் ஊற்றலாமென்று ஆரம்பித்தோம். சாம்பார் சட்டி, குக்கர், தண்ணீர்க் குடம், பாய் கடையிலிருந்து ஓடி ஓடிக் கொண்டுவந்த குண்டான்கள், எல்லாம் நிறைந்தன. என் வீட்டுக்காரர் தன் டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரை அந்த டிபன் பாக்ஸாலேயே ஒன்று போடலாமா என்றும் வந்தது.

மூன்று மணிக்கு முதல் அண்டா விளிம்பைத் தாண்டியது. அதற்கப்புறம் எங்கள் கையில் ஒன்றும் இல்லை. மாவு திரைச்சீலைக்கு அடியில் வழிந்து, கல்லாவைச் சுற்றிக்கொண்டு, வாசல் படியில் இறங்கி, அவசரமே இல்லாமல் தெருவுக்குப் போனது. ஒரு நாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு நக்கத் தொடங்கியது. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். சில்லர் போச்சு, தர்மபுரிக் கடைகள் போச்சு, மாவும் போச்சு என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழக்கூட இடமில்லை, படியெல்லாம் மாவு.

மேனேஜர் அம்மா வந்தது அந்த நேரத்தில்தான். தெருவில் நின்று, காலடிக்கு வருகிற மாவைப் பார்த்து, கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டார். பாய் ஓடிப்போய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அவர் அதன்மேல் ஏறி நின்றுகொண்டார்.

"என்னம்மா இது?"

"கையிருப்புங்க மேடம்," என்றேன். வேறு என்ன சொல்ல?

என் வீட்டுக்காரர் மரியாதையாகத் திரைச்சீலையை விலக்கிக் காட்டினார். அந்த நேரம் பார்த்து ஏட்டு, பச்சை மூடித் தூக்கோடு, தெருமுனையில் திரும்பினார். மாவைப் பார்த்தார், அண்டாக்களைப் பார்த்தார்.

"பதுக்கல்!" என்றார், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. "காலையில மாவு இல்லைன்னு சொல்லிட்டு உள்ள இம்மாம் மாவு பதுக்கி வெச்சிருக்கறே! நான் இருவத்தஞ்சி வருசம் சர்வீஸ் பாத்தவன். எங்கிட்டயேவா?"

அவர் சத்தத்துக்கு வீட்டு வாசல்களில் தலைகள் தெரிந்தன. காலையில் வெறும் கையோடு திரும்பிப் போனவர்கள் எல்லாம் தூக்கோடும் டப்பாவோடும் வர ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு கேள்வி. விலையேற்றப் பார்த்தாயா, ஹோட்டலுக்குக் கொடுக்க வைத்திருந்தாயா என்றார்கள். எனக்கு அதுவரை அடங்கியிருந்ததெல்லாம் ஒரேயடியாகப் பொங்கிவிட்டது.

"யாருக்கும் குடுக்க வெக்கலீங்க! மேடத்துக்குக் காட்ட வெச்சிருந்தேன்! வித்துட்டா ஸ்டாக் இல்லைங்கறாங்க. வெச்சா தெருவுக்குப் போகுது. இந்த மாவை வெச்சுக்கிட்டு நான் என்னதாங்க பண்றது, நீங்களே சொல்லுங்க!"

பிறகு ஏட்டு தன் தூக்கின் பச்சை மூடியைத் திறந்து நீட்டினார்.

"இதுல ஊத்து," என்றார்.

ஊற்றினேன். அவருக்குப் பின்னால் அடுத்த தூக்கு வந்தது, அடுத்தது டப்பா, அடுத்தது பால் கேன். பொங்கின மாவு கெட்டுப்போன மாவு அல்ல, அன்றைக்கே ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். "இன்னிக்கு ராத்திரி எல்லார் வூட்லயும் பணியாரந்தான்" என்று யாரோ சொன்னார்கள், அதற்கும் சிரிப்பு. என் வீட்டுக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்று ஊற்றினோம். பாய் அண்டாக்களைச் சாய்த்துப் பிடித்தார். வழிந்தது போக மிச்சத்துக்கு வழக்கமான விலையில் கொஞ்சம் குறைத்தோம்.

கல்லாவின்மேல் ஸ்கேன் பண்ணுகிற அட்டையும், பணம் வந்தால் சத்தமாகச் சொல்லுகிற சின்னப் பெட்டியும் இருக்கின்றன. பேட்டரியில் ஓடுகிற பெட்டி, அதனால் கரண்ட் போனது அதற்குத் தெரியாது. அது பாட்டுக்கு "முப்பது ரூபாய் பெறப்பட்டது", "அறுபது ரூபாய் பெறப்பட்டது" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். நாங்கள் தினமும் கேட்கிற சத்தம் என்பதால் எங்கள் காதில் விழுவதே இல்லை. ஸ்டூல்மேல் நின்றிருந்த மேனேஜர் அம்மாவின் காதில் விழுந்தது.

அண்டாக்கள் காலியான பிறகு அவர் இறங்கி, மாவு படாத இடமாகப் பார்த்து மிதித்து உள்ளே வந்தார். அந்தப் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"தினமும் இப்படித்தான் கத்துமா இது?"

"ஆமாங்க. முகூர்த்த நாள்னா தொண்டையே கட்டிக்கும்."

"இந்தப் பணமெல்லாம் எந்த அக்கவுண்ட்டுக்குப் போகுது? உங்க லோன் கணக்குல நான் இதைப் பார்த்ததே இல்லையே."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். நான் தீர்த்தமலைக்குச் சாமி கும்பிடப் போயிருந்த அன்றைக்கு, அந்த அட்டையை ஒட்ட ஒரு ஆள் வந்தாராம். கணக்கு நம்பர் கேட்டாராம். இவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர், மினி பஸ் ஓட்டின காலத்தில் சம்பளம் போட்ட கணக்கு. அதுவும் வேறு பேங்க். அதைச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கடைப் பணம் முழுக்க அங்கே போய், அங்கிருந்தே அரிசி மண்டிக்கும் உளுந்துக்காரருக்கும் போய்க்கொண்டிருந்தது. லோன் கணக்கில் வட்டியை மட்டும் மாதாமாதம் தவறாமல் கட்டிவந்தோம்.

"சம்பளம் வர்ற கணக்குதானேன்னு நெனச்சேன்," என்றார் அவர் மெதுவாக. "இதுவும் நமக்கு வர்ற சம்பளந்தானே."

மேனேஜர் அம்மா சிரித்துவிட்டார். அதுவரை அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. "இவ்வளவு வியாபாரம் பண்றீங்க, எங்க பேங்க்குக்கு அது தெரியவே தெரியாது. நான் வந்து காலி அண்டாவைப் பார்த்துட்டுக் கவலைப்பட்டுக்கிட்டு இருந்திருக்கேன். உங்களுக்கு ஸ்டாக்கை வெச்சு லிமிட் போட்டா சரியா வராதும்மா. விக்கறதை வெச்சுத்தான் போடணும். அதுக்கும் வழி இருக்கு. அந்தக் கணக்கோட ஸ்டேட்மென்ட்டை வாங்கிட்டு வாங்க. முதல்ல இந்த அட்டையை மாத்துங்க."

"அப்ப காட்டறதுக்கு வெச்ச இந்த மாவு?" என்றேன்.

"எந்த மாவு?" என்று கேட்டு, காலி அண்டாக்களைப் பார்த்துவிட்டு, செருப்பை ஓரமாகத் தேய்த்துத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

சொன்னபடி அட்டையை மாற்றினோம். பழைய கணக்கின் ஸ்டேட்மென்ட் வாங்க என் வீட்டுக்காரரைத் தனியாக அனுப்பாமல் நானே கூடப் போனேன். அதற்கப்புறமும் பேங்க்குக்கு நடையாய் நடந்தோம், அந்தப் பேப்பர், இந்தப் பேப்பர், கையெழுத்து, மறுபடி கையெழுத்து. இடையில் எனக்கு இரண்டு தடவை கோபம் வந்தது, அந்த அம்மாவுக்கு ஒரு தடவை வந்தது. ஆனி முடிவதற்குள் லிமிட் கூடிவிட்டது. சில்லர் வந்து இறங்கின அன்று நான் அதன் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் பாய் "கரண்ட் பில்லு யாரு தங்கச்சி கட்டறது?" என்று கேட்கிற வரைக்கும் நிறுத்தவில்லை. தர்மபுரிக் கடைகளுக்கு ஆடி பிறப்பதற்கு முன்பே பாக்கெட் போக ஆரம்பித்தது. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகிற கூட்டம் வழியில் எங்கள் மாவில் சுட்ட தோசையைத் தின்றுவிட்டுத்தான் போனது என்று நான் நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைப்பதை யாரும் தடுக்க முடியாது.

ஏட்டு மட்டும் இன்னும் திரைச்சீலை இருந்த இடத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தூக்கை நீட்டுகிறார்.

போன ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம், ஏழு மணி. அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தோம். தர்மபுரி வண்டியும் போய்விட்டது. மேனேஜர் அம்மா வேக வேகமாக நடந்து வந்தார். ஏதோ சரக்குப் பார்க்க வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் கையில் பேனா இல்லை, எவர்சில்வர் டப்பா இருந்தது.

"மாமியார் மாமனாரெல்லாம் சொல்லாம கொள்ளாம வந்துட்டாங்கம்மா. சீக்கிரம், இந்த டப்பா நிறைய தோசை மாவு."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. அதை முகத்தில் காட்டாமல், "கையிருப்பு இல்லீங்க மேடம்," என்றேன்.

"விளையாடாதீங்க."

சில்லரைத் திறந்து காட்டினேன். உள்ளே விளக்கு மட்டும் எரிந்தது. அவர் குனிந்து அடித்தட்டு வரைக்கும் தேடினார். ஸ்டாக் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவ்வளவு அக்கறையாகத் தேடவில்லை.

"ஒரு கரண்டி கூடவா இல்லை? லோன் குடுத்தது நான்மா! எனக்காக ஒரு டப்பா எடுத்து வெக்கக் கூடாதா?"

"வெச்சா பொங்கிடுமுங்களே," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் எதிரிலிருந்து பாய் எட்டிப் பார்த்தார். பிறகு நான் உள்ளே போய், எங்கள் வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த மாவை அவர் டப்பாவில் ஊற்றிக் கொடுத்தேன். பணம் வேண்டாமென்றேன். அவர் கேட்கவில்லை, ஸ்கேன் பண்ணிவிட்டுத்தான் போனார். பெட்டி சொன்னதை இரண்டு பேரும் நின்று கேட்டோம். இந்தத் தடவை பணம் சரியான கணக்குக்குத்தான் போனது.

வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் முன்னால் களியும் கீரைக் கடைசலும் வைத்தேன்.

"தோசைன்னு சொன்னியே?"

"வித்துப்போச்சுங்க," என்றேன்.